கிழவரின் பழங்கதை

"ஆரம்பித்துவிட்டார் பழங்கதையை!" வயோதிகர் வாய் திறந்ததும் வீட்டில் எழும் முணுமுணுப்பு இது. மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் நாகரிகமான சொற்களில்! பழையதைப் பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றார்கள். 1963-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் இதை மறுத்தெழுதினார். அது பிதற்றல் அல்ல, முடிவு நெருங்குகையில் மனிதன் தன் வாழ்க்கையைத் தானே கணக்குப் பார்க்கும் இயல்பான வேலை என்றார். நினைவுகளைப் பேசவைத்து முதியோர் மனத்துக்கு ஆறுதல் தேடும் முறை அதன்பிறகு வளர்ந்தது.

பட்லர் அறிஞர். அவர் சொன்னதைப் பாட்டாளி வாழ்வில் வைத்துப் பார்க்க, இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்துக்குப் போவோம், தோழர்களே! தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் இறங்கிய மக்கள். 1993-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலை போயிற்று, வேலையின் பேச்சும் போயிற்று. பேரனுக்குத் தெரியாத கருவி, மருமகளுக்குப் புரியாத சொல்! யாரிடம் பேசுவார் கிழவர்?

அங்கே பீமிஷ் என்றொரு திறந்தவெளிக் காட்சியகம். மக்கள் தந்த பழைய பொருள்களால் வளர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மறதிநோய் கண்ட முதியோரை அழைத்து, கணப்பருகே உட்காரவைத்து, பழைய பொருளைக் கையிலேயே கொடுக்கிறார்கள்.

"இது எந்த ஆண்டு?" என்று கேட்கக் கூடாது. அது பரீட்சை, பரீட்சையில் தோற்பவர் வாயை மூடிக்கொள்வார். காலையில் உண்டது மறந்துபோன நெஞ்சிலும் இளமைக்கால நினைவு நெடுநாள் தங்கும். அதுவே இந்நோயின் போக்கு. தகரக் குளிதொட்டியைக் காட்டினால் போதும். சுரங்கத்தில் குளியலறை வருமுன், கரி படிந்த உடம்போடு வீடு வந்து கணப்பருகே அதில்தான் குளியல். முதுகு தேய்த்தது யார் என்பதுவரை பேச்சு வரும். தண்ணீர் சுமந்து சூடாக்கிய மனைவிக்கோ சொல்ல அதைவிட அதிகம் இருக்கும். ஆடவர் கதை மட்டுமே தொழிலாளர் கதை என்று எண்ணிவிட வேண்டாம்!

எல்லா நினைவும் இனிப்பதில்லை. 1951 மே 29-ல் ஈசிங்டன் சுரங்கம் வெடித்தது. மீட்கச் சென்ற இருவர் உட்பட 83 பேர் மாண்டனர். அந்த வட்டாரத்துக் கிழவர் கையில் சுரங்க விளக்கைக் கொடுப்பவர், தாம் எதைக் கிளறுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அழுதால் அழவிட்டுக் கூடவே உட்கார்ந்திருக்கத் தெரிந்தவரே இதற்கு ஏற்றவர். பேச விருப்பமில்லையா? விட்டுவிட வேண்டும்.

நோய் தீருமா? தீராது. 2018-ல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 22 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,000 பேரைப் பற்றியவற்றை, சேர்த்து எடைபோட்டது. பலன் உண்டு, ஆனால் சிறிது. இடத்துக்கு இடம், முறைக்கு முறை மாறுகிறது. முதியோர் இல்லங்களில் இருப்போரின் வாழ்வு சற்று மேம்படக்கூடும் என்றது. ஆகவே, "கதை பேசவைத்தோம், இனித் தாதி எதற்கு, ஓய்வூதியம் எதற்கு?" என்று எந்த அரசாவது கணக்குப் போட்டால் நாம் அதை ஏற்பதற்கில்லை.

டர்ஹாம் தொழிலாளிக்கு இத்தகைய கணக்கு பழக்கமானது. வேலை நின்றால் சுரங்க முதலாளி தந்த வீடும் போய்விடும், அந்தக் காலத்தில். வயோதிகத் தோழர்களுக்கு வீடு தேட 1898-ல் தனிச் சங்கம் கண்டார்கள். கூலியிலிருந்து காசு போட்டார்கள். அத்தகைய வீடுகளின் மாதிரியையும் இன்று பீமிஷில் கட்டிவைத்திருக்கிறார்கள். முதியோர் கூடிப் பேச அங்கே இடம் உண்டு.