அகரவரிசையும் கணினித் திருத்தமும்

பவானி, பழனி என்னும் ஊர்ப்பெயர் இரண்டனுள் அகராதியில் முன்னிற்பது யாது? வகரம் ழகரத்துக்கு முற்பட்டதாகலின் பவானியே என்பர் தமிழ் கற்றோர். கணினியோ, தமிழ் முறை கற்பிக்கப்படாதவழிப் பழனியையே முன்வைக்கும். எழுத்துகளுக்கு எண் வகுத்த யூனிகோடு அட்டவணையின் தமிழ்ப்பகுதி, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டைத் தழுவியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அவ்வமைப்பில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் நிற்கின்றன. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டது. ஆதலின் அமராவதி முன்னும் அம்மாபேட்டை பின்னுமாக வரிசை பிறழும்.

எழுத்துமுறை சிறிய செய்தியன்று. கொங்குநாட்டுச் சீனாபுரத்தோடு தொடர்புறுத்திப் பேசப்படும் பவணந்தியார், நன்னூலுள் எழுத்துகள் இவ்வாறு நிற்றற்குக் காரணமும் கூறினார். தரவுத்தளத்திலோ வரிசையே உயிர்நாடியாம். பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேடுங்கால், நாம் அகராதியை நடுவே பிரித்து, முன்னோ பின்னோ என்று பார்த்துப் பாதியை விலக்குதல்போலக் கணினியும் விலக்கிச் செல்லும். ஏறத்தாழ இருபது ஒப்பீடுகளில் வேண்டிய பெயர் அகப்படும். இதற்கென வரிசைப்படுத்தி வைக்கப்படும் பட்டியலை 'இன்டெக்ஸ்' என்பர். பட்டியலை அடுக்கிய முறை ஒன்றும் தேடும் முறை வேறொன்றுமாயின், உள்ள பெயரையே இல்லையென்று கணினி சாதிக்கும். ஒருமுறையே பதியத்தக்க பெயரை மறுமுறையும் பதிந்துகொள்ளும்.

இனி, இத்தகைய தளங்கள் திருத்தப்படும் வகையை நோக்குவோம். போஸ்ட்கிரஸ் என்பது 1986-இல் அமெரிக்க நாட்டுப் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பூண்டது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. எந்நாட்டாரும் 'பேட்ச்' எனப்படும் திருத்தத்தை எழுதி விடுக்கலாம். ஆயினும் அவைக்களத்தில் தடைவிடைகளைக் கடந்தே ஒரு நூல் அரங்கேறிய நம் பண்டை வழக்கம்போல, அத்திருத்தம் பிறர் ஆய்வைக் கடந்தே உள்ளே புகும். திருத்தம் விடுத்தவர் அதற்கு ஈடான பிறர் திருத்தம் ஒன்றையும் ஆராயவேண்டும் என்பது அங்குள்ள நன்முறை.

ஆய்வாளர் செய்வன யாவை? திருத்தம் இன்றைய மூலநிரலோடு பிழையின்றிப் பொருந்துகின்றதா என்று முதலில் பார்ப்பர். பின்னர்ப் பழைய சோதனைகளையெல்லாம் மீண்டும் நடத்துவர். புதிய சோதனையும் விளக்கவுரையும் உடன் வந்தனவா, விரைவு கூடியதா குறைந்ததா என்று தேர்வர். இறுதியாக, இத்திருத்தம் எதனை நம்பி நிற்கின்றது என்று வினவுவர். இவ்வினாவே அரியது.

2016 ஜனவரியில் வெளிவந்த 9.5-ஆம் பதிப்பு இதற்குச் சான்றாகும். நீண்ட சொற்களை ஒவ்வொரு முறையும் முழுதும் ஒப்பிடுதல் காலத்தை விழுங்குமென்று, சொல்லை ஒரு குறிச்சரமாக மாற்றி, அதன் முதற் சில பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் குறுக்குவழி அப்பதிப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. சொற்களை நேரே ஒப்பிடும் செயலும், குறிச்சரமாக்கி ஒப்பிடும் செயலும் ஒரே விடை தரவேண்டுமென்பது விதி. ஆனால் லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நிரலகமாகிய ஜிலிப்சியில், சில மொழிகளுக்கு அவ்விரண்டும் முரண்பட்டன. திருத்தம் எழுதினார் தருக்கத்தில் வழுவில்லை. அது நம்பி நின்ற அடித்தளத்திலேயே வழுவிருந்தது. மார்ச் 31-ஆம் நாள் வெளியான 9.5.2-ஆம் பதிப்பில், எண்முறையே வரிசையாகக் கொள்ளும் 'சி' முறைக்கன்றிப் பிற மொழி முறைகளுக்கெல்லாம் அக்குறுக்குவழி அடைக்கப்பட்டது. ஐயத்துக்கிடமான பட்டியல்களை மீண்டும் அடுக்குமாறு பயன்படுத்துவோர் வேண்டப்பட்டனர். 2018 ஆகஸ்டில் ஜிலிப்சியின் 2.28-ஆம் பதிப்பு வரிசை விதிகளையே மாற்றியபொழுதும், பழைய பட்டியல்கள் புதிய விதியோடு பொருந்தாது பலர் இடர்ப்பட்டனர்.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? விரைவு நன்று, உண்மை அதனினும் நன்று. மருத்துவமனை ஏட்டிலோ வாக்காளர் பட்டியலிலோ ஒருவர் பெயர் இருந்தும் காணாதொழியின், அவ்விழப்பை எந்த விரைவும் ஈடுசெய்யாது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இத்துறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். நிரல் எழுதவல்லார் நம் கோவையிலேயே பலர் உளர். வகரமும் ழகரமும் எம்முறையில் நிற்கும், புள்ளியெழுத்து எங்கு வரும் என்பதை ஐயமறச் சொல்லுதற்கு இலக்கணம் கற்றார் வேண்டும். கொங்குநாட்டு ஊர்ப்பெயர் நூறு திரட்டி, அகரமுறைப்படி அடுக்கி, இதுவே சரியான வரிசை என்று ஆய்வாளர் கையில் கொடுப்பினும் அது சிறந்த சோதனையாகும். நன்னூலை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் யாம், அதனைக் கணினிக்கும் கற்பிக்க முன்வருதல் வேண்டும். நம் மொழியின் முறையைப் பிறர் ஊகித்து எழுதுமாறு விடுத்தல் நமக்குத் தகாது.