தொட்டி காலி, மீட்டரில் பாதி!



போன மாசம் ஒரு நாள் மதியம் பெண்கள் கழிப்பறையில தண்ணி வரலையே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எல்லாரும் அறிவியல் மன்றத்தைத்தான் திட்டினீங்க. தப்பு எங்க மேலதான். என்ன நடந்தது என்று எழுதுகிறேன், படிங்க.

மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே இருந்தே பார்க்க ஒரு கருவி செய்தோம். பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோலில் ஒரு குச்சி, குச்சி நுனியில் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில். தண்ணீர் ஏறினால் பாட்டிலும் ஏறும், வால்யூம் திரும்பும். அதன் நடுக்காலில் இருந்து வரும் கம்பியில் டி.சி. வோல்ட் மாறும். தொட்டி காலி என்றால் 0, நிறைந்தால் 3 வோல்ட். அதை ஆர்டுயினோ என்ற சின்ன போர்டு அளந்து திரையில் காட்டும்.

அன்னைக்கு திரையில் 1.6 வோல்ட். பாதித் தொட்டி இருக்குன்னு யாரும் மோட்டார் போடல. ஏறிப் பார்த்தால் தொட்டி காலி!

"போர்டு போச்சு"ன்னு எல்லாரும் சொன்னோம். மாமல்லபுரத்தில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மாமா வந்து பார்த்தார். "எடுத்த உடனே போர்டு மேல பழி போடாத பாப்பா. தெரிஞ்ச வோல்ட்டைக் கொடுத்துப் பாரு"ன்னார். இப்படி வரிசையாகப் பார்த்தோம்.

1. தொட்டிக் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஒரு துண்டுக் கம்பியால் கிரவுண்டோடு சேர்த்தோம். திரையில் 0. சரி.

2. டார்ச் செல்லை வைத்தோம். மல்டிமீட்டரும் 1.5, போர்டும் 1.5. ஆக போர்டு நல்லாத்தான் இருக்கு.

3. போர்டுக்கு வரும் 5 வோல்ட்டை அளந்தோம். போர்டு அதைத்தான் 1024 பங்காகப் பிரித்து கணக்குப் போடுகிறது. அது 4.7 ஆக இறங்கினால், உண்மையில் 2.35 வோல்ட் இருப்பதை 2.5 என்று காட்டும். எங்களுக்கு 5 சரியாக இருந்தது.

4. வால்யூமும் போர்டும் ஒரே கிரவுண்டில் இருக்கா என்று பார்த்தோம். வேறு வேறு அடாப்டர் போட்டு கிரவுண்டைச் சேர்க்காவிட்டால் அளவு கன்னாபின்னா என்று வரும். இதுவும் சரி.

5. கடைசியாக, எதையும் மாட்டாமல் விட்டுப் பார்த்தோம். 0 வரும்னு நினைச்சேன். 1.6, 0.9, 2.1 என்று ஆடியது! கையைக் கிட்ட கொண்டு போனாலே மாறியது.

காரணம் இதுதான். அந்த உள்ளீடு மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் கம்பி இல்லாதபோது, பக்கத்து ஒயரில் இருந்தும் நம் உடம்பில் இருந்தும் வரும் துளி மின்சாரமே அதை ஆட்டிவிடும். நங்கூரம் போடாத படகு மாதிரி.

அப்படியானால் கம்பி எங்கேயோ விட்டுப் போயிருக்கணும். மாடியில் டேப்பைப் பிரித்தால், இணைப்பில் செம்பு பச்சை பூத்து அறுந்து கிடந்தது. உப்புக் காற்றின் வேலை!

புதுக் கம்பி போட்டு பற்றவைத்தோம். உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் ஓம் மின்தடை வைத்தோம். அதுதான் நங்கூரம். இனி கம்பி அறுந்தால் 0க்கு இறங்கிவிடும். குச்சியையும் திருப்பி வைத்து, காலி என்றால் 1 வோல்ட், நிறைந்தால் 4 வோல்ட் என்று மாற்றினோம். ஆக 0 வந்தால் தொட்டி காலி இல்லை, கம்பி காலி! பெரிய ஆலைகளிலும் இதற்காகவே 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை வைத்து அளக்கிறார்களாம். அதை 250 ஓம் வழியாக விட்டால் 1 முதல் 5 வோல்ட். அங்கேயும் 0 என்றால் கோளாறு.

26.12.2004 சுனாமியின்போது நம்ம கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் ஹவுஸில் தண்ணீர் மட்டம் ஏறி பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அணு உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் கருவி காட்டுவதை நம்ப முடியணும் இல்லையா?

எங்க தொட்டியை இப்போ வாரம் ஒருமுறை ஏறிப் பார்த்து, திரையோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறோம். திரையில் 0 பார்த்தால் உடனே எங்களிடம் சொல்லுங்க. நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் 5 வோல்ட்டில் மட்டும். வீட்டு 230 வோல்ட் பக்கம் கை வைக்காதீங்க!



— அறிவியல் மன்ற மாணவி, 9ஆம் வகுப்பு