பழுதுபார்க்கும் மரபணு யார் பக்கம்?

தீவிர ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மருந்துகளில் பலவும் குறிவைப்பது புற்றுசெல்லின் டிஎன்ஏவைத்தான். டானோரூபிசின் அதன் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. சைட்டரபின் புதிய இழையை வளரவிடுவதில்லை. ஆனால் அடி விழுந்தால் செல் சும்மா இருப்பதில்லை. தினமும் ஆயிரக்கணக்கில் நேரும் டிஎன்ஏ பழுதுகளைச் சரிசெய்ய ஒவ்வொரு செல்லிலும் ஒரு புரதக்கூட்டம் உண்டு. அது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சஞ்சார் மூவரும் 2015-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

இந்தக் கூட்டம் நல்ல செல், கெட்ட செல் என்று பார்ப்பதில்லை. ஃபான்கோனி ரத்தசோகையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு வகைப் பழுதுநீக்கமே நடக்காது. அவர்களுக்கு ரத்தப் புற்று வரும் ஆபத்து மிக அதிகம், வந்தால் வழக்கமான அளவு கீமோவையும் உடல் தாங்காது. மறுபுறம், பழுதுநீக்கத்தில் கெட்டிக்காரப் புற்றுசெல் மருந்திலிருந்து தப்பிவிடும். இதுவரை கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

மெர்காப்டோப்யூரின் இந்தக் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. கெர்ட்ரூட் எலியன் உருவாக்கி, 1953-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மாத்திரை, லிம்போசைட் வகை ரத்தப் புற்று வந்த குழந்தைகளின் சிகிச்சையில் இன்றும் முதுகெலும்பு. உடலுக்குள் இது தயோகுவானினாக மாறி, குவானின் என்ற டிஎன்ஏ எழுத்தின் வேடத்தில் இழைக்குள் நுழைகிறது. அடுத்த முறை இழை நகலாகும்போது அதற்கு எதிரே தவறான எழுத்து வந்து உட்காரும். எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 புரதங்கள் தவறைக் கண்டுபிடித்துப் புதிய இழையை வெட்டுகின்றன. போலி எழுத்து இருப்பதோ பழைய இழையில்! ஆகவே மறுபடியும் அதே தவறு, மறுபடியும் வெட்டு. இப்படி வெட்டி வெட்டியே டிஎன்ஏ சிதைந்து செல் சாகிறது. பழுதுபார்ப்பவர்தான் இங்கே கொலையாளி. அதனால் எம்எஸ்ஹெச்6 கெட்டுப்போன புற்றுசெல்லை இந்த மருந்து அசைப்பதில்லை. நோய் திரும்பி வந்த சில நோயாளிகளில் இந்த மாற்றம் இருந்திருக்கிறது.

பிறவியிலேயே வரும் சிறு வேறுபாடுகளின் விஷயம் வேறு. எக்ஸ்பிடி என்ற பழுதுநீக்க மரபணு தரும் புரதத்தின் 751-வது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமின் இருந்த, மைலாய்டு வகை ரத்தப் புற்று வந்த முதிய நோயாளிகளுக்குச் சிகிச்சையின் பலன் குறைவு என்று 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வந்தவை ஒத்தும் சொல்லின, மாறியும் சொல்லின. நோயாளிகள் எண்ணிக்கையோ குறைவு, இனமும் சிகிச்சையும் வேறுவேறு. ஒற்றை எழுத்தை நம்பி மருந்தை மாற்ற எந்த மருத்துவரும் துணியமாட்டார், துணியவும் கூடாது.

மருத்துவமனைவரை வந்து சேர்ந்தது இன்னொரு மரபணு: நட்15. கண்டிப்பாகப் பார்த்தால் இது பழுதுநீக்க மரபணு அல்ல. மெர்காப்டோப்யூரினிலிருந்து உருவாகும் நச்சு எழுத்துகள் டிஎன்ஏவுக்குள் போகுமுன்பே அவற்றைச் செயலிழக்கச் செய்யும் காவல். அதன் புரதத்தின் 139-வது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் வந்தால் காவல் தளர்கிறது, மருந்து தந்ததும் வெள்ளணுக்கள் அபாயகரமாகச் சரிகின்றன. 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். ஐரோப்பியரிடம் அரிதான இந்த வேறுபாடு கிழக்காசியரிடம் சாதாரணம், இந்தியரிடமும் கணிசம். வழக்கமாக மெர்காப்டோப்யூரினை உடற்பரப்பில் சதுர மீட்டருக்குத் தினமும் 75 மில்லிகிராம் வரை தருவார்கள். இரு பிரதியிலும் மாற்றம் உள்ள குழந்தைக்கு 10-ல் தொடங்கச் சொல்கின்றன 2018-ன் வழிகாட்டு நெறிகள். மரபணுச் சோதனை வசதி இல்லாத இடங்களில், அடிக்கடி எடுக்கும் ரத்த அணு எண்ணிக்கையை வைத்தே மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் தருகிறார்கள்.