டீசல் ஊறிய மண்: சோதனை அறிக்கையில் கவனிக்க வேண்டியவை

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. டீசல் தொட்டி நின்ற இடத்திலும் டிராக்டர் பட்டறை இருந்த இடத்திலும் வீடுகள் எழுகின்றன. பட்டணங்களில், மூடப்பட்ட எண்ணெய் நிலையங்களின் நிலம் கைமாறுகிறது. தொட்டியை லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடலாம். பல ஆண்டுகள் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கிய எண்ணெயை அப்படிக் கொண்டுபோக முடியாது. பிறகு அதே மண்ணில்தான் கீரைப் பாத்தியும் கிணறும் வருகின்றன.

2019 ஜூலையில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் டீசல் ஆற்றில் கலந்தபோது, நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஆற்றில் கலந்தால் உடனே தெரிந்துவிடும். நிலத்துக்கடியில் கசிவது ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம்.

மூக்கும் கண்ணும் போதுமா?

மண்ணில் எண்ணெய் வாடை அடித்தால் சந்தேகப்படுவது சரி. ஆனால் வாடை இல்லை என்பதற்காக மண் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மேல் மண்ணிலிருந்து ஆவி பறந்துபோயிருக்கும். கீழே எண்ணெய் தங்கியிருக்கும்.

தோட்டப்புறக் கால்வாய்களில் வானவில் நிறத்தில் படலம் மிதப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். எல்லாமே எண்ணெய் அல்ல. குச்சியால் கலைத்துப் பார்க்கலாம். படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே பிரிந்து நின்றால், பெரும்பாலும் அது இரும்புச் சத்துள்ள நீரில் வளரும் பாக்டீரியா. உடனே மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெயாக இருக்கலாம். இது முதல் அடையாளம் மட்டுமே. முடிவைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

உரச் சோதனை வேறு, எண்ணெய்ச் சோதனை வேறு

செம்பனைக்கோ ரப்பருக்கோ உரம் போடுமுன் மண் எடுப்பது தோட்ட மக்கள் அறிந்த வேலை. பல இடங்களில் மண் எடுத்து, வாளியில் கலந்து, காயவைத்து அனுப்புவார்கள். எண்ணெய்ச் சோதனைக்கு இந்த முறை ஆகாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. எளிதில் ஆவியாவதும் அதுவே. மண்ணைக் கிளறிக் காயவைத்தால் பென்சீன் பறந்துவிடும். அறிக்கை 'சுத்தம்' என்று வரும். பல இடத்து மண்ணைக் கலந்தாலோ, கெட்ட இடத்தின் அளவு நல்ல மண்ணில் கரைந்து குறைந்து தெரியும்.

எனவே ஒவ்வொரு இடத்து மண்ணையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆவியாகும் பொருள்களுக்கான மண்ணைக் கிளறாமல் கண்ணாடி ஜாடியில் காற்றிடம் இல்லாமல் நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாக அனுப்ப வேண்டும். எந்த ஜாடி, எந்த இடம், எந்த ஆழம், யார் எடுத்தது, எப்போது கொடுத்தது என்ற பதிவும் கூடவே போக வேண்டும்.

எங்கே தோண்டுவது?

கசிந்த எண்ணெய் முதலில் நேராகக் கீழே இறங்கும். நிலத்தடி நீரைத் தொட்டதும், நீரைவிட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்து, நீர் ஓடும் திசையில் பரவும். ஆகவே மண்வெட்டியால் மேலாக நான்கு பிடி அள்ளுவதில் பயனில்லை. தொட்டியின் அடிமட்டத்துக்கும் கீழே, குழாய் போன வழியில், நீர் மட்டத்தின் அருகில் துளையிட வேண்டும். அந்தத் தொட்டி எங்கே இருந்தது என்பதைப் பழைய வரைபடம் காட்டலாம். வரைபடம் இல்லையென்றால், அங்கே வேலை செய்த மூத்தவர்களைக் கேட்பதே நல்ல வழி.

துளையிடும்போது எடுக்கும் மண்ணில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, சிறிது நேரம் கழித்து அதன் ஆவியைக் கைக்கருவியால் அளப்பார்கள். அளவு எங்கே கூடுகிறதோ, அந்த ஆழத்து மண்தான் சோதனைக்குப் போக வேண்டும்.

அறிக்கையில் என்ன பார்ப்பது?

மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவும், பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கின் அளவும் ஒரு கிலோ மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். பழைய எண்ணெய் நிலைய நிலமானால் ஈயமும் சோதிக்கப்பட வேண்டும். முன்பு விற்ற பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 'கண்டறியப்படவில்லை' என்றால் பூஜ்யம் என்று பொருள் அல்ல. கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே என்றுதான் பொருள்.

சுற்றுச்சூழல் இலாகா 2009-இல் வெளியிட்ட அசுத்த நில வழிகாட்டிகளில், குடியிருப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் தனித்தனி அளவுகோல்கள் உண்டு. வீட்டு நிலத்தைத் தொழிற்பேட்டை அளவோடு ஒப்பிட்டு 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தால் ஏற்க வேண்டியதில்லை.

அசுத்தம் உறுதியானால் அந்த மண்ணை வாரி வேறிடத்தில் கொட்டக் கூடாது. எண்ணெய்க் கசிவைத் துப்புரவு செய்து அள்ளிய மண், 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. உரிமம் பெற்றவர்களே அகற்ற வேண்டும். அதுவரை அங்குள்ள கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், டீசலை நீக்காது.

லாட் வாங்குபவர்கள் முன்பணம் கட்டுமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இங்கே முன்பு என்ன இருந்தது? மண்ணை எந்த ஆழத்தில் எடுத்தார்கள்? எந்த அளவுகோலோடு ஒப்பிட்டார்கள்? பதில் வாய்வார்த்தையாக மட்டும் வந்தால், எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.