யந்திரத்துக்கு ஆணையிடும் ஏணி

பண்டசோழநல்லூரிலும் அண்டைக் கிராமங்களிலும் படித்துத் தேறும் நம் அங்கத்தினர் பிள்ளைகள் திருபுவனை, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு வேலை நாடிச் செல்லுங்கால், ‘பி.எல்.சி. தெரியுமா?’ என்ற வினா எழக்கூடும். விளங்காத புதுமையென்று இதனை நாம் ஒதுக்கிவிடலாகாது.

நெசவாளருக்கு இதன் வித்து பழக்கமானதே. 1804-ல் பிரான்சு தேசத்தில் உருவான ஜக்கார்டு பெட்டியில், அட்டையில் துளையிருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் மாங்காயும் சேலைக் கரையில் பூக்கின்றன. பி.எல்.சி.க்கும் அவ்விரு சொற்களே மொழி.

முன்னர் ஆலைகளில் இவ்வேலையை ரிலேக்கள் நிறைந்த அலமாரிகள் செய்தன. மோட்டார் வண்டியின் அமைப்பு மாறுந்தோறும் கம்பிகளையெல்லாம் மாற்றிப் பூட்டவேண்டியிருந்தது. இத்தொல்லை தீர, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1968-ல் மாற்றுவழி கோரிற்று. அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்டு மார்லி குழுவினர் ‘மோடிகான் 084’ என்ற கருவியை அமைத்தனர். அவர்களுடைய 84-ஆவது திட்டமாதலின் அப்பெயர். கம்பியை மாற்றாமல் நிரலை மாற்றினால் போதும் என்பதே அதன் சிறப்பு.

கருவி முதலில் பொத்தான்கள், மிதவைகள் ஆகியவற்றின் நிலையை அறிகிறது. பின் நிரலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முடிவில் மோட்டாருக்கு ஆணையிடுகிறது. இச்சுற்றை ஒரு விநாடிக்குள் பலமுறை செய்துவிடும். நிரலை ஏணி வடிவில் எழுதுவர்.

நம் கழனிப் பம்பையே கொள்வோம். பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். கையை எடுத்த பின்னும் நில்லாதிருக்க, மோட்டார் ஓடுகிறது என்ற செய்தியையே பொத்தானுக்குப் பக்கத்தில் மற்றொரு வழியாக ஏணிப்படியில் வைப்பர். மின்சாரம் நின்றால் அப்பிடி விட்டுப்போகும். மீண்டும் வந்தாலும் மோட்டார் தானே கிளம்பாது. இரவு மின்சாரத்துக்குக் கண்விழிக்கும் விவசாயி தானே கிளம்பும் ஸ்டார்ட்டரை விரும்புவது நியாயமே. ஆயின் விசைத்தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பவரின் விரலுக்கு அது எமன்.

நிறுத்தும் பொத்தானின் கம்பியில் எப்போதும் மின்சாரம் ஓடவேண்டும். அழுத்தினால் அது அறவேண்டும். அப்போதுதான் எலி கடித்தாலும் யந்திரம் நிற்கும். மாறாகப் பூட்டினால், கம்பி அறுந்த செய்தி ஆபத்து நேரத்தில்தான் தெரியவரும். மேலும், ஆபத்துப் பொத்தானை நிரலிடம் மட்டும் ஒப்படையாமல், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தையே தனிக் கம்பி வழியே துண்டிக்குமாறு அமைக்கவேண்டும்.

கருவி வாங்குமுன் கணிப்பொறியிலேயே பழகலாம். கருவி கிடைத்தபின், மோட்டாருக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கை ஆசிரியர் முன்னிலையில் பூட்டி, எரியும்போதே நிறுத்தும் பொத்தானின் கம்பியைக் கழற்றிப் பார்க்கட்டும். விளக்கு அணையவேண்டும்.