இன்னொரு குடிகாரரைத் தேடி

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்றொரு ஊர். டயர் ஆலைகளால் பேர் பெற்றது. 1935 மே மாதம், ஒரு சனிக்கிழமை, அங்கே மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வந்த வியாபாரம் கைநழுவிவிட்டது. கையில் சொற்பப் பணம். கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். மறுகோடியில் தொலைபேசியும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தொலைபேசிப் பக்கம் போனார். அவர் கேட்ட உதவிதான் விசித்திரம். இந்த ஊரில் குடியை விடமுடியாமல் தவிக்கிற யாராவது இருந்தால் அவரோடு நான் பேச வேண்டும் என்றார்.

ஏன் அப்படிக் கேட்டார்? நியூயார்க்கில் அந்த ஐந்து மாதமும் குடிகாரர்களைத் தேடித்தேடிப் பிடித்து உபதேசம் செய்திருந்தார். ஒருவரும் திருந்தவில்லை. மனைவி லோயிஸிடம் அலுத்துக்கொண்டபோது, “நீங்கள் குடிக்காமல்தானே இருக்கிறீர்கள்” என்ற பொருளில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். மருந்து வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை, கொடுத்தவருக்குப் பிடித்துவிட்டது! உதவுகிறவரே உதவியால் அதிகம் தேறுகிறார் என்று 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிவியலாளர் ஒரு கோட்பாடாகவே எழுதினார். லோயிஸ் முப்பது வருடம் முந்திக்கொண்டார்.

ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அழைப்புகள் கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தன. அவருக்குத் தெரிந்த பாப் ஸ்மித் ஓர் அறுவை மருத்துவர், பெருங்குடிகாரர். அன்று அவரால் பில்லைச் சந்திக்க வர முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு தொட்டிச் செடி வாங்கி வந்தாராம். செடி மேசைமேல், மருத்துவர் மேசைக்கடியில் என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பதினைந்தே நிமிடம் என்ற நிபந்தனையோடு வந்தார். எழுந்து போனபோது இரவு பதினொன்று தாண்டியிருந்தது.

பில் இந்த முறை உபதேசம் செய்யவில்லை. தன் மருத்துவர் சில்க்வொர்த் எச்சரித்திருந்தபடி, தன்னைக் குடி என்ன பாடு படுத்தியது என்பதை மட்டும் சொன்னார். குடியைப் பற்றி பாப் நிறையப் படித்திருந்தார். பட்டவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசியது அதுவே முதல் தடவை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள் நம் ஊரில். அந்தப் பேச்சு விடிந்த பிறகும் நின்றது. அதிலிருந்து பிறந்த, குடியை விட முனைகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ‘ஏஏ’, இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இருக்கிறது.

பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை அலசியது. முறையாக ஏஏ கூட்டங்களில் இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டுக்குப் பிறகு குடியை அறவே விட்டிருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35. பெரிய அற்புதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. சேக்காளிகள் வட்டம் மாறுவதே பலனுக்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்: மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிற ஆள் மாறிவிடுகிறார். ஏஏயில் அடிபடும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ‘ஸ்மார்ட் ரெகவரி’ போன்ற குழுக்கள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 1981இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. சிஸ்ஸன், மாலம்ஸ் என்ற இருவர் செய்தது. இருபது நோயாளிகள், இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்குக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லி, போய்வாருங்கள் என்றார்கள். மற்ற பிரிவுக்கு, ஆலோசகர் நோயாளியின் எதிரிலேயே ஓர் ஏஏ உறுப்பினருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அந்த உறுப்பினர் தாமே கூட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். இரண்டாம் பிரிவில் எல்லோரும் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. முகவரியைத் தெரிந்துகொள்வதற்கும் அந்த வாசற்படியை மிதிப்பதற்கும் நடுவே இவ்வளவு தூரம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமான ‘மூடிய’ கூட்டம் போக, வீட்டாரும் வந்து உட்காரக்கூடிய ‘திறந்த’ கூட்டங்களும் உண்டு. முதல் நாளுக்கு அது தோது.

பாப் ஸ்மித்துக்கும் ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில வாரத்தில் அட்லாண்டிக் சிட்டியில் மருத்துவர் மாநாடு. போனவர் முட்டக் குடித்துத் திரும்பினார். அடுத்து ஓர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், கையோ நடுங்குகிறது. மது நரம்புகளை மந்தப்படுத்தும். நாள்பட்ட குடியில் மூளை அதற்கு ஈடுகட்டத் தன் விசையைக் கூட்டிக்கொண்டே போகும். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் கூட்டிய விசை மட்டும் மிஞ்சும். அதனால்தான் நடுக்கம், முற்றினால் வலிப்பு, பிதற்றல், உயிராபத்துகூட. நெடுநாள் குடித்தவர்கள் மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தக்கூடாது என்பது இதனால்தான்.

அன்று காலை, கை நடுக்கம் அடங்க பாப்புக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்தவர் பில்தான். ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10, அதன் மரபுக் கணக்குப்படி, அந்த பீரைக் குடித்த நாள். அறுவை சிகிச்சை முடிந்து வெகுநேரமாகியும் பாப் வீடு திரும்பவில்லை. மறுபடி குடிக்கத்தான் போய்விட்டார் என்று மனைவியும் பில்லும் பயந்து காத்திருந்தார்கள். அவரோ, இத்தனை வருடக் குடியில் யார் யாருக்கெல்லாம் தீங்கு செய்தாரோ அவர்கள் வாசல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.