நார்வேயில் கடல் தண்ணீர்... சென்னையில் எந்தத் தண்ணீர்? டேட்டா சென்டர்களைக் குளிர வைப்பது எப்படி?

பேரணாம்பட்டில் டீக்கு யுபிஐ-யில் பணம் அனுப்பினாலும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தாலும், அந்தத் தகவல் எங்கோ ஒரு டேட்டா சென்டரைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் 24 மணி நேரமும் ஓடுவதால் கடுமையான சூடு கிளம்பும். அதைத் தணிக்க, பல இடங்களில் நல்ல தண்ணீரை ஆவியாக்குகிறார்கள்.

நார்வே என்ன செய்கிறது?

ஸ்டவாங்கர் நகருக்கு அருகே, நேட்டோவின் பழைய வெடிமருந்துக் கிடங்கில் 'கிரீன் மவுண்டன்' டேட்டா சென்டர் இயங்குகிறது. பக்கத்துக் கடலின் ஆழத்திலிருந்து சுமார் 8 டிகிரி செல்சியஸ் தண்ணீர் வருகிறது. சூடான பால் பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஆற்றுவோமே, அதே டெக்னிக்தான். கடல் தண்ணீர் கணினியைத் தொடாது. சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்பிவிடும். அந்த நாட்டு மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் நீர்மின்சாரம் என்பது கூடுதல் பிளஸ்.

நம்ம ஊரில் முடியாதா?

சென்னைக் கடலின் மேல்பரப்புத் தண்ணீரே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். ஜில் தண்ணீர் இல்லாமல் இல்லை. 2007-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்காக அதை மேலே எடுத்தும் காட்டியது. ஆனால் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் போய், 500 மீட்டருக்கும் கீழே குழாய் இறக்க வேண்டியிருந்தது. நம்முடைய நீர்மின்சாரமோ அணையில் இருக்கும் தண்ணீரை நம்பியது. அதை மட்டும் வைத்து ஆண்டு முழுக்க டேட்டா சென்டரை ஓட்டுவது கஷ்டம்.

பாலாறு சொல்லும் பாடம்

'தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும்?' என்று முதலிலேயே கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது பாலாற்றங்கரைக்கு நன்றாகவே தெரியும். தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில், 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டி வந்தது. நடுவில் 28 ஆண்டுகளுக்கும் மேல்!

டேட்டா சென்டரில் குரோமியக் கழிவு கிடையாது. இங்கே முக்கியப் பிரச்சினை, செலவாகும் தண்ணீரின் அளவு.

வழி என்ன?

கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவது ஒரு வழி. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் தலா தினமும் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் திறன் கொண்டவை. தண்ணீரை ஆவியாக்காமல், மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றவிட்டுக் குளிர வைப்பது இன்னொரு வழி. இதில் தண்ணீர் மிச்சமாகும், கரண்ட் பில் ஏறும்.

அம்பத்தூர், சிறுசேரி என டேட்டா சென்டர்கள் பெருகி வரும் நேரம் இது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கும்போதே, எந்தத் தண்ணீர், எத்தனை லிட்டர் என்றும் கேட்டுவிட வேண்டும். போர்வெல் வற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.